கருவின் பசி
(திருமுக்கூடலில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னதும் என்னை அழைத்த நண்பர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். "பெருமாள் கோயில் ஊர் சார், நோட்டீசில் பன்றி என்று போட்டால் நன்றாக இருக்குமா?" என்று ஒருவர் கேட்டார். தாராளமாகப் போடுங்கள் என்றேன். காஞ்சி காமாட்சியம்மன் கோயிலுக்குள்ளேயே திருக்கள்வனூர் ஆதிவராகப் பெருமாள் இருக்கிறார். திருவிடந்தையில் வராகர், மாமல்லபுரத்தில் வராகக் குகை. தொண்டை மண்டலத்துக்காரர்கள் பன்றியைப் பார்த்து முகம் சுளிக்க முடியாது.

நான் பேச வந்தது இன்னும் பிறக்காத பன்றியைப் பற்றி. தாயின் வயிற்றில்கூட அது இல்லை. ஆய்வகத்தில் ஒரு தட்டின் மேல், ஒரு சொட்டுத் திரவத்துக்குள் ஆறு நாள் வளர்கிற கரு. அதற்கு என்ன கொடுக்கிறார்கள், எதைச் சேர்த்தால் பிழைக்கிறது, எதைச் சேர்ப்பது வீண் என்பதுதான் இன்றைய பேச்சு.

உங்கள் ஊர்க் கல்வெட்டிலிருந்து தொடங்கலாம். அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் மதில் சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டை நீங்கள் சிறு வயதிலிருந்து பார்த்திருப்பீர்கள். பதினோராம் நூற்றாண்டு, வீரராசேந்திர சோழன் காலம். கே.வி. சுப்பிரமணிய ஐயர் படித்து 'எபிகிராபியா இண்டிகா'வின் 21ஆம் தொகுதியில் வெளியிட்டார். வேதம் படிக்கிற மாணவர்களுக்குச் சாப்பாடும், அவர்களும் கோயில் பணியாட்களும் நோயுற்றால் கிடக்க ஓர் ஆதுலர் சாலையும் அதில் வருகின்றன. 15 கட்டில். ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், மூலிகை கொண்டுவர இருவர், பணிப்பெண்கள் இருவர், ஒரு நாவிதர், தண்ணீர் கொண்டுவர ஓர் ஆள். நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. இருப்பில் இருக்கவேண்டிய மருந்துகளுக்குத் தனிப் பட்டியல்: நெய்கள், எண்ணெய்கள், கடுக்காய் சேர்ந்த மருந்துகள். இரவு எரிய ஒரு விளக்கு. குடிக்கிற தண்ணீரில் போட ஏலக்காயும் விலாமிச்சை வேரும்.

இந்தக் கல்வெட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும் அறுவை மருத்துவரில்தான் போய் நிற்பார்கள். எனக்குப் பிடித்தது அந்த விளக்கும் விலாமிச்சை வேரும். ஒரு மனிதர் தன் வீட்டில் படுத்திருக்கும்வரை விளக்கெண்ணெய்க்கும் குடிநீருக்கும் யாரும் கணக்கு எழுத வேண்டியதில்லை. அவை தாமாகக் கிடைக்கின்றன. வீட்டிலிருந்து பெயர்த்து ஒரு கட்டிலில் கிடத்தினால், வீடு சும்மா கொடுத்துக்கொண்டிருந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக எண்ணி, அளந்து, யாராவது கொடுத்தாக வேண்டும். எதையாவது விட்டுவிட்டால் நோயாளிக்குத் தெரியும். கணக்கெழுதியவர் அதை விடவில்லை.

பன்றிப் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இதில் ஒரு பாடம் முன்பே தெரியும். பிறந்த குட்டிக்கு முதல் வாரத்தில் இரும்புச்சத்து ஊசி போடுகிறோம். ஏன்? பிறக்கும்போது குட்டியின் உடம்பில் சுமார் 50 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. நாளொன்றுக்குத் தேவை ஏறக்குறைய 7 மில்லிகிராம். தாய்ப்பாலில் கிடைப்பது ஒரு மில்லிகிராம்தான். ஊசி போடாவிட்டால் குட்டி வெளுத்துப்போய், மூச்சு வாங்கி, சில சமயம் செத்தே போகும். ஆனால் ஊர்ப் பன்றிக்கு யார் ஊசி போட்டார்கள்? அது மண்ணைக் கிளறிக்கொண்டு திரிந்தது. மண்ணில் இரும்பு இருந்தது. நாம் குட்டியை மண்ணிலிருந்து எடுத்து சிமெண்டுத் தரையில் விட்டோம். அதற்கு ஈடாகத்தான் அந்த ஊசி. குட்டியிடம் குறை ஏதும் இல்லை. குறை தரையில் இருக்கிறது.

இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்குள் வாருங்கள்.

இறைச்சிக்கூடத்தில் அறுத்த பெண் பன்றியின் சினைப்பைகளை, வெதுவெதுப்பான உப்பு நீர் நிரப்பிய தெர்மாஸ் குடுவையில் போட்டுக் கொண்டுவருவார்கள். சினைப்பையின் மேல் சிறு சிறு கொப்புளங்கள் இருக்கும். 3 முதல் 6 மில்லிமீட்டர் அளவுள்ளவற்றை மட்டும் தேர்ந்து, ஊசி குத்தி உள்ளிருக்கும் நீரை உறிஞ்சுவார்கள். அந்த நீரைத் தட்டில் ஊற்றி நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் சினைமுட்டைகள் தெரியும். ஒரு முட்டை ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்குதான் இருக்கும். சுற்றிலும் செல்கள் திரள் திரளாக ஒட்டிக்கொண்டிருக்கும். அப்படித் திரண்டிருப்பதுதான் நல்ல முட்டை. நடுவில் முட்டை கறுப்பாக இருக்கும். எலியின் முட்டை கண்ணாடி போல ஊடுருவித் தெரியும், பன்றியினுடையது மையிட்டது மாதிரி இருக்கும். உள்ளே நிறையக் கொழுப்புத் துளிகள் இருப்பதுதான் காரணம். அந்தக் கொழுப்பே பின்னால் தொல்லையும் கொடுக்கிறது. பன்றிக் கருவை 15 டிகிரிக்குக் கீழே குளிர வைத்தால் பெரும்பாலும் கெட்டுவிடும். மாட்டுக் கருவை உறைய வைத்துச் சேமிப்பது போல இதைச் செய்வது எளிதாக இல்லாமல் போனது அதனால்தான்.

முட்டை முற்ற 42 முதல் 44 மணி நேரம் ஆகும். பிறகு விந்தணுக்களோடு சேர்ப்பார்கள். இங்கே பன்றிக்கென்று ஒரு சங்கடம் இருக்கிறது. ஒரு முட்டைக்குள் ஒரு விந்தணு போனதும் கதவு சாத்திக்கொள்ள வேண்டும். ஆய்வகத்தில் பன்றி முட்டை அதைச் சரியாகச் செய்வதில்லை. இரண்டு மூன்று விந்தணுக்கள் நுழைந்துவிடுகின்றன. அப்படிப்பட்ட கருவால் பயனில்லை. தப்பித்தவற்றைக் கழுவி, ஒரு மில்லிலிட்டரில் இருபதில் ஒரு பங்கு அளவுள்ள சொட்டுகளில் விடுவார்கள். சொட்டு உலராமல் இருக்க மேலே மினரல் ஆயில். தட்டு போவது 38.5 டிகிரி சூடுள்ள இன்குபேட்டருக்குள். பன்றியின் உடம்புச் சூடு நம்முடையதைவிடக் கூடுதல்.

1989இல் இத்தாலியில் மத்தியோலியும் கூட்டாளிகளும் இப்படி ஆய்வகத்தில் முற்றிய முட்டைகளை ஆய்வகத்திலேயே கருவுறச் செய்து குட்டிகள் பெற்றார்கள். ஆனால் கருவுற்ற முட்டையை அதிக நேரம் வெளியில் வைத்திருக்க அஞ்சினார்கள், அதற்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் தட்டில் விட்ட பன்றிக் கரு இரண்டு செல்லாகும், நான்கு செல்லாகும், அதோடு நின்றுவிடும். சாவதுகூட இல்லை, அப்படியே நிற்கும். நான்கு செல் வரை கரு தாய் முட்டைக்குள் வைத்துக் கொடுத்ததை வைத்துப் பிழைக்கிறது. அந்தக் கட்டத்தில்தான் அதன் சொந்த மரபணுக்கள் வேலையைத் தொடங்க வேண்டும். எலிக்கு இது இரண்டு செல்லில், மாட்டுக்கு எட்டு முதல் பதினாறு செல்லில். கைமாறுகிற நேரத்தில் சுற்றியிருக்கும் நீர் சரியில்லையென்றால் கரு அடுத்த அடி எடுத்து வைக்காது.

பன்றிக் கரு வெளியில் வளரவே வளராது என்று சிலர் முடிவு கட்டிவிட்டார்கள். அதே 1989இல் அமெரிக்காவில் ஒரு கூட்டம் விசித்திரமான வேலை செய்தது. எலியின் கருக்குழாயைத் தனியே வெட்டி எடுத்து, தட்டில் உயிரோடு வைத்து, அதற்குள் ஒரு செல் பன்றிக் கருவை விட்டார்கள். நான்கு செல்லைத் தாண்டி, ஆறாம் நாள் நிலையான கருக்கோளம் வரை வளர்ந்தது. எலியின் குழாயில் பன்றிக் கரு! ஆகக் கருவுக்கு வளரத் தெரியும், நீருக்குத்தான் தெரியவில்லை என்று விளங்கியது. தாயின் குழாயில் இருந்து, தட்டில் இல்லாமல் போனது என்ன என்பதே அதன் பிறகு கேள்வி.

முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, அந்த நீர் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பெரும்பகுதி உப்பு. சோடியம், பொட்டாசியம், கால்சியம், பைகார்பனேட். கொஞ்சம் பைருவேட், கொஞ்சம் லாக்டேட். கருவுக்குத் தொடக்க நாட்களில் எரிபொருள் இவைதான். சர்க்கரை? ஓடியாடுகிற உங்களுக்கு குளுக்கோஸ் கொடுத்தால் தெம்பு. தொடக்க நாட்களில் இருக்கிற கருவுக்கு குளுக்கோஸ் அதிகம் தேவைப்படுவதில்லை, சில வகை நீரில் அது கெடுதலாகவும் முடிந்தது. பிந்தைய நாட்களில்தான் அதன் ஆசை திரும்புகிறது. பிறகு அமினோ அமிலங்கள், ஒட்டாமல் இருக்க மாட்டு ரத்தத்திலிருந்து எடுத்த ஆல்புமின் புரதம்.

1993இல் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெட்டர்ஸும் வெல்ஸும் ஒரு கலவையை வெளியிட்டார்கள். அதன் பெயர், பல்கலைக்கழகத்தின் பெயரின் முதல் எழுத்துகளோடு 23 என்ற எண். அதில் புதிதாக இருந்தவை டாரின், ஹைப்போடாரின் என்ற இரண்டு பொருள்கள். பன்றியின் கருக்குழாய் நீரில் இவை ஏராளமாக இருக்கின்றன என்பதால் சேர்த்தார்கள். கரு நான்கு செல்லைத் தாண்டியது. 2002இல் ஜப்பானில் யோஷியோகா குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கருக்குழாய் நீரில் எது எவ்வளவு என்று அளந்த கணக்கை வைத்துக்கொண்டு, 'பன்றிக் கருவணு ஊடகம்' என்று பெயரிட்டு ஒரு வரிசைக் கலவைகளை அமைத்தார்கள். குளுக்கோஸ் அறவே இல்லை. பைருவேட் லிட்டருக்கு 0.2 மில்லிமோல், லாக்டேட், குளூட்டமின் 1 மில்லிமோல், ஹைப்போடாரின் 5 மில்லிமோல், அமினோ அமிலங்கள். ஒரு வகையில் ஆல்புமினைக்கூட நீக்கிவிட்டு, அதன் இடத்தில் ஒரு செயற்கைப் பொருளைப் போட்டார்கள். அந்த நீரில் வளர்ந்த கருக்களிலிருந்து குட்டிகளும் பிறந்தன.

ஆல்புமினை நீக்கியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ரத்தத்திலிருந்து எடுத்த பொருளில் என்னென்ன கலந்திருக்கிறது என்று புட்டியை விற்பவருக்கே முழுதும் தெரியாது. ஒரு புட்டியில் நன்றாக வந்த கரு அடுத்த புட்டியில் வராது. ஆய்வகத்துப் பிள்ளைகள் தண்ணீரைச் சந்தேகப்படுவார்கள், இன்குபேட்டரைச் சந்தேகப்படுவார்கள், ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவார்கள். உங்கள் ஊர்க் கல்வெட்டுக்காரர் 'போதுமான அரிசி' என்று எழுதாமல் 'ஒரு நாழி' என்று எழுதினாரே, அந்த வகைத் தெளிவு இல்லாத இடத்தில் எந்தச் சோதனையையும் இன்னொருவர் திருப்பிச் செய்து பார்க்க முடியாது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இனிமேல்தான் வருகிறது. அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தில் ராண்டல் பிராதரின் ஆய்வகம். 2010இல் அங்கே ஒரு கேள்வியைக் கருவிடமே கேட்டுப் பார்த்தார்கள். தாயின் வயிற்றில் வளர்ந்த கருக்கோளத்தையும், தட்டில் வளர்ந்த கருக்கோளத்தையும் எடுத்து, எந்தெந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று ஆயிரக்கணக்கில் ஒப்பிட்டார்கள். பல வேறுபாடுகள். அவற்றில் ஒன்று கண்ணை உறுத்தியது. அர்ஜினின் என்ற அமினோ அமிலத்தை வெளியிலிருந்து செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும் ஒரு புரதம் உண்டு. அதற்கான மரபணுச் செய்தி தட்டில் வளர்ந்த கருவில் பல மடங்கு கூடியிருந்தது. வீட்டில் அரிசி தீர்ந்தால் கிழவி முதல் பேரன் வரை எல்லாரும் ஆளுக்கொரு பை எடுத்துக்கொண்டு ரேஷன் கடை வாசலில் நிற்பார்களே, அந்த நிலை. வாய் திறந்து சொல்ல முடியாத கரு தன் பசியை இப்படிச் சொல்லியிருக்கிறது.

அப்போது புழக்கத்தில் இருந்த நீரில் அர்ஜினின் 0.12 மில்லிமோல். அதை 1.69 ஆக உயர்த்தினார்கள். பை எடுத்துக்கொண்டு நின்ற கூட்டம் குறைந்தது. இழுக்கிற புரதத்தின் செய்தி தாய் வயிற்றுக் கருவின் அளவை நோக்கி இறங்கியது. கருக்கோளம் வரை வருகிறவற்றின் பங்கும் கூடியது. பெத்தனி ரெடல் இதை விரிவாகச் செய்து 2015இல் வெளியிட்டார். பிறகு கிளைசின் பார்த்தார்கள். 2018இல் குளூட்டமினை 1 மில்லிமோலிலிருந்து 3.75க்கு உயர்த்தியபோது இன்னொரு வேடிக்கை. கூட்டியது குளூட்டமினை, ஆனால் கரு லூசின் என்ற வேறோர் அமினோ அமிலத்தையும் கூடுதலாகச் சாப்பிடத் தொடங்கியது. ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றின் கணக்கு மாறுகிறது. அதனால்தான் ஒவ்வொரு சத்தாகத் தனித்தனியே சோதித்து, 'நல்லது' என்று வந்தவற்றையெல்லாம் கூட்டி ஒரே புட்டியில் ஊற்றினால் நல்லதாக வரும் என்று நான் நம்புவதில்லை.

முட்டை முற்றும் கட்டத்திலும் இதே கதை நடந்தது. பழைய முறையில் முட்டை முற்றும் நீரில் பன்றியின் சினைக்கொப்புள நீரை நூற்றுக்குப் பத்து சேர்ப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது, ஆனால் பலன் கொடுத்தது. பிராதர் ஆய்வகத்தார் அதற்குப் பதிலாக, தெரிந்த மூன்று வளர்ச்சிக் காரணிகளை மட்டும் அளந்து சேர்த்தார்கள். மில்லிலிட்டருக்கு 40 நானோகிராம், 20, 20. 2017இல் அந்த ஆய்வு வெளிவந்தபோது, மரபணு மாற்றிய பன்றிகளை உருவாக்கும் திறன் நான்கு மடங்கு கூடியது என்று தலைப்பிலேயே போட்டார்கள். நானோகிராம் என்றால் ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு.

இதுவரை சேர்த்த கதை. இனி எடுத்த கதை.

ஹைப்போடாரின் என்று சொன்னேன் அல்லவா, நான்கு செல்லைத் தாண்ட உதவிய அருமருந்து. அது விலை கூடிய பொருள். அந்த நீரில் சேர்க்கும் மற்ற எல்லாவற்றையும்விட அதற்குத்தான் பணம் போகும். அதன் வேலைகளில் முக்கியமானது, ஆக்ஸிஜனால் விளையும் சேதத்திலிருந்து கருவைக் காப்பது. காற்றில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஆக்ஸிஜன் இருக்கிறது. கருக்குழாய்க்குள்ளும் கருப்பைக்குள்ளும் அதில் சிறு பகுதிதான். ஆக நாம் கருவை இருட்டான, காற்றுக் குறைந்த ஓர் இடத்திலிருந்து தூக்கி வந்து வெளிக்காற்றில் போட்டுவிட்டு, அதனால் வந்த சேதத்துக்கு மருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். மிசூரிக்காரர்களே 2020இல் ஒன்று செய்தார்கள். ஆக்ஸிஜனை 5 விழுக்காட்டுக்குக் குறைத்த இன்குபேட்டரில், ஹைப்போடாரின் இல்லாமல் கருக்களை வளர்த்துப் பார்த்தார்கள். வளர்ச்சி குறையவில்லை. இருபத்தேழு ஆண்டுகளாகப் போட்டுவந்த பொருளை எடுத்துவிடலாம் என்று ஆயிற்று.

சிமெண்டுத் தரையையும் இரும்பு ஊசியையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஊசி வேண்டியிருந்தது தரை மாறியதால். இங்கே தரையையே சரிசெய்துவிட்டார்கள். ஊசி தேவையில்லாமல் போனது.

இதை வைத்துப் பார்த்தால், ஒவ்வோர் ஆண்டும் வரிசையாக வெளிவரும் சில ஆய்வுக் கட்டுரைகளின் மேல் எனக்குள்ள மனக்குறையைச் சொல்லலாம். வைட்டமின் சி சேர்த்தோம், வைட்டமின் இ சேர்த்தோம், செலினியம், மெலடோனின், திராட்சைத் தோலில் உள்ள ரெஸ்வெராட்ரால், ஏதோ ஒரு மூலிகைச் சாறு. கருக்கோளங்கள் கூடின, செல்கள் பெருகின. பொய் என்று சொல்லமாட்டேன். வெளிக்காற்றில் வைத்த கருவுக்கு ஆக்ஸிஜனை எதிர்க்கும் எதைக் கொடுத்தாலும் கொஞ்சம் நல்லதாகத்தான் தெரியும். அதே பொருளை 5 விழுக்காடு ஆக்ஸிஜனில் கொடுத்துப் பார்த்தீர்களா, அந்தக் கருவைத் தாயின் வயிற்றில் வைத்துக் குட்டி பிறந்ததா என்று கேட்டால் பெரும்பாலான கட்டுரைகளில் பதில் இருக்காது. தட்டில் கருக்கோளத்தை எண்ணுவது சுலபம். குட்டி பிறக்க 114 நாள் காத்திருக்க வேண்டும், பண்ணை வேண்டும், பணம் வேண்டும். ஆராய்ச்சி மாணவருக்கு அவ்வளவு அவகாசத்தை யாரும் கொடுப்பதில்லை.

பிரிட்டிஷ் விஞ்ஞானி ஹென்றி லீஸ் 2002இல் ஒரு கருத்தைச் சொன்னார். நன்றாகப் பிழைக்கும் கரு அமைதியாக இருக்கும்; கொஞ்சமாக எரிக்கும், கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். ஓயாமல் பரபரவென்று உண்ணும் கரு ஏதோ சேதத்தைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. இதை ஏற்காதவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'நிறையச் சாப்பிட்டால் நல்லது' என்று பேரப்பிள்ளைகளின் வாயில் திணிக்கும் நம் வீட்டுப் பாட்டிமார்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பீர்கள். கறிக்காக யாரும் சொட்டில் பன்றி வளர்ப்பதில்லை. காரணம் மனித உடம்பு. பன்றியின் இதயமும் சிறுநீரகமும் அளவில் நமக்கு ஒத்துவருகின்றன. 2022 ஜனவரியில் மேரிலாந்தில் மரபணுவில் பத்து இடங்களில் மாற்றம் செய்த பன்றியின் இதயத்தை ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்கள். இரண்டு மாதம் உயிரோடிருந்தார். 2024 மார்ச்சில் பாஸ்டனில் 69 மாற்றங்கள் செய்த பன்றியின் சிறுநீரகத்தைப் பொருத்தினார்கள். நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. 1997 ஜனவரியில் அசாமில் டாக்டர் தானிராம் பருவா பன்றியின் இதயத்தை ஒருவருக்குப் பொருத்தினார். நோயாளி ஏழு நாளில் இறந்தார். மருத்துவர் கைதாகி 40 நாள் சிறையில் இருந்தார். அவர் பயன்படுத்தியது மரபணு மாற்றாத பன்றி. சாதாரணப் பன்றியின் செல்மேல் உள்ள ஒரு சர்க்கரைப் பொருளைக் கண்டதும் நம் ரத்தம் நிமிடங்களில் தாக்கத் தொடங்கிவிடும். அந்தச் சர்க்கரையை உண்டாக்கும் மரபணுவை நீக்கிய பன்றிகளைப் பற்றிய முதல் அறிக்கை 2002இல்தான் வந்தது, அதுவும் அதே பிராதர் ஆய்வகத்திலிருந்து. இப்படிப்பட்ட பன்றி ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தட்டு, ஒரு சொட்டு வழியாகத்தான் வருகிறது. சொட்டு சரியில்லையென்றால் நூறு கருவை வைத்தாலும் குட்டி நிற்காது. பன்றிக்கு இன்னொரு கட்டாயம்: தொடக்கத்தில் நான்கு கருவாவது வயிற்றில் இல்லாவிட்டால் சினை பெரும்பாலும் நிற்பதில்லை.

நம் வட்டாரத்தில் பன்றி என்றால் கட்டுப்பாக்கம்தான். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே இருக்கிறது. வெண்பன்றி என்று நாம் சொல்லும் லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் குட்டிகளை வாங்கப் பண்ணையாளர்கள் அங்கேதான் போகிறார்கள். நாட்டுப்பன்றியோடு வெண்பன்றியைக் கலந்து உருவாக்கிய 'டானுவாஸ் கே.பி.எம். கோல்டு' என்ற ரகமும் அங்கிருந்து வந்ததுதான். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பன்றிகள் 90.6 லட்சம், அதற்கு முந்தைய கணக்கைவிட 12 விழுக்காடு குறைவு. அடுத்த ஆண்டே அசாமிலும் அருணாசலப் பிரதேசத்திலும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்தது. வங்காளத்துக் குங்ரூ, மேகாலயத்து நியாங் மேகா, நாகாலாந்தின் டென்யி வோ போன்ற உள்ளூர் இனங்கள் ஒரு கொள்ளைநோயில் அழிந்துபோனால் திரும்ப வராது. கருவை வெளியில் உயிரோடு வைத்திருக்கவும், குளிரில் சேமிக்கவும் தெரிந்திருந்தால் அப்படி ஒரு நாளைக்குக் கைகொடுக்கும். அதற்குப் பெரிய செலவு வேண்டும் என்று பயப்பட வேண்டியதில்லை. ஆக்ஸிஜனைக் குறைக்கும் இன்குபேட்டர் விலை கூடியதுதான். ஆனால் தட்டை ஒரு காற்றுப்புகாப் பெட்டியில் வைத்து, 5 பங்கு ஆக்ஸிஜன், 5 பங்கு கார்பன் டை ஆக்ஸைடு, 90 பங்கு நைட்ரஜன் கலந்த வாயுவை நிரப்பி மூடி, அந்தப் பெட்டியைச் சாதாரண இன்குபேட்டருக்குள் வைத்தாலும் வேலை நடக்கும்.

எந்த நீராலும் இன்னும் ஈடுகட்ட முடியாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பதினோராவது பன்னிரண்டாவது நாளில் தாயின் வயிற்றில் பன்றிக் கரு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் உருண்டையாக இருக்கும். அங்கிருந்து சில மணி நேரத்தில் நூல் போல நீள ஆரம்பித்து, பத்து சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். பதினாறாம் நாளில் ஒரு மீட்டரை நெருங்கும். அந்த நீட்சியின்போதுதான் 'நான் இருக்கிறேன்' என்று ஈஸ்ட்ரோஜன் வழியாகத் தாய்க்குச் சொல்கிறது. தட்டில் இது நடப்பதில்லை. சிலர் கருவைப் பாசியிலிருந்து எடுத்த அல்ஜினேட் கூழுக்குள் பொதிந்து வைத்துப் பார்க்கிறார்கள். தாயின் வயிற்றில் நடப்பதோடு ஒப்பிட்டால் நீட்சி கொஞ்சம்தான். கருப்பையின் மடிப்பும், அதன் சுரப்பிகள் நிமிடத்துக்கு நிமிடம் மாற்றி மாற்றிக் கொடுப்பதும் தட்டில் கிடையாது. அர்ஜினினைப் பத்து மடங்கு ஊற்றினாலும் அந்த இடத்தில் கரு நின்றுதான் போகும்.

பேச்சு தொடங்குமுன் பின்வரிசையில் இருக்கும் ஒரு பண்ணைக்காரர், பன்றி அதிகக் குட்டி போட என்ன டானிக் கொடுக்கலாம் என்று கேட்டார். டானிக் புட்டி எதையும் நான் சொல்லமாட்டேன், தீவனத்தைச் சொல்கிறேன். முதல் ஈற்றுக்குத் தயாராகும் இளம் பன்றிக்கு, இனம் சேர்ப்பதற்கு முன் பத்துப் பதினைந்து நாள் தீவனத்தைக் கூட்டிக் கொடுங்கள். வெளிப்படும் முட்டைகளின் எண்ணிக்கை கூடும். இனம் சேர்ந்த மறுநாளிலிருந்து குறைத்துவிடுங்கள். அந்த முதல் நாட்களில் வயிறுமுட்டப் போட்டால், ரத்தத்தில் புரொஜெஸ்டிரான் குறைந்து, கருக்கள் சில கரைந்துபோவதுண்டு. சினையின் கடைசி மாதத்தில் மறுபடி கூட்டலாம். ஓட்டல் மிச்சம் போட்டு வளர்ப்பவர்கள் அதை நன்றாகக் கொதிக்க வைத்து, ஆறிய பிறகே ஊற்றுங்கள். பன்றிக் காய்ச்சல் கிருமி சமைக்காத இறைச்சித் துண்டில்கூடப் பல நாள் உயிரோடு இருக்கும். குட்டி போட்டதும் இரும்பு ஊசியை மறந்துவிடாதீர்கள், உங்கள் கொட்டகைத் தரை சிமெண்டாக இருந்தால்.